தானாக இறங்கும் வசதி இருந்தும் எஃப்-35 எப்படிக் கப்பல் விளிம்பில் மோதியது?

கடற்கரைவாசி (வெள்ளவத்தை) — ஞாயிறு, இரவு 8:40

2025 நவம்பர் கடைசியில் இந்தியாவின் விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பல் இலங்கைக் கடற்படையின் 75ஆவது ஆண்டுக் கொண்டாட்டத்துக்குக் கொழும்புக்கு வந்ததே, அதைப் பார்க்கலாம் என்று நானும் மச்சானும் காலி முகத்திடலுக்குப் போனோம். டித்வா புயல் கிட்ட வந்துகொண்டிருந்த நேரம். வானமும் சாம்பல், கடலும் சாம்பல், கப்பலுக்கும் அதே பெயின்ட். பார்த்தோமா இல்லையா என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன், இஸ்ஸோ வடை சாப்பிட்டது மட்டும் உறுதி.

அங்கே தொடங்கிய சண்டை இன்னும் முடியவில்லை. இப்போதெல்லாம் விமானந்தாங்கிக் கப்பலில் விமானி கையைக் கட்டிக்கொண்டு இருந்தாலே போதும், கொம்பியூட்டர் இறக்கிவிடும் என்கிறான் மச்சான். அப்படியென்றால் 2022இல் அமெரிக்காவின் எஃப்-35 சண்டை விமானம் ஒன்று கப்பலின் பின்விளிம்பில் அடிபட்டுக் கடலுக்குள் போனது எப்படி என்று கேட்டேன். "அது விமானியின் பிழை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டான். எனக்குக் காணாது. தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்கள்.

---

ஸ்பானர் (நீர்கொழும்பு) — ஞாயிறு, இரவு 9:25

தம்பி, உங்கள் மச்சான் சொன்னது பாதி சரி. நான் சண்டை விமானத்தில் கை வைத்தவன் இல்லை, பயணிகள் விமானங்களோடு கட்டுநாயக்கவில் முப்பது வருசம் கிறீஸ் பூசிக்கொண்டு திரிந்தவன். ஆனால் இந்த விபத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடி வாசித்திருக்கிறேன்.

நடந்தது 2022 ஜனவரி 24, தென்சீனக் கடலில், கார்ல் வின்சன் கப்பலில். அன்றைக்கு அந்த விமானி ஒரு வேகமான முறையில் இறங்க வந்தார். வழமையாகக் கப்பலைத் தாண்டிப் போய் ஆறுதலாகத் திரும்பி வருவார்கள். இதில் கப்பலுக்கு மேலேயே படு வேகமாக வந்து, சட்டென்று வளைத்து, அந்த வளைவிலேயே வேகத்தைக் கொன்று, சில்லை இறக்கி நேரே வந்துவிட வேண்டும். தளத்தில் நேரம் மிச்சம், பார்ப்பதற்கும் வடிவு. ஆனால் செய்ய வேண்டிய வேலை ஒன்றும் குறைவதில்லை, செய்வதற்கான நேரம்தான் குறைகிறது. அவர் அதை அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

வேகத்தைக் குறைக்க, இயந்திரத்தின் வலுவைக் கட்டுப்படுத்தும் த்ரொட்டிலைக் கீழே இழுத்தார். அதற்குப் பிறகு இரண்டு வசதிகளைப் போட்டுவிட வேண்டும். ஒன்று, இயந்திரத்தின் வலுவைத் தானே கூட்டிக் குறைக்கும். மற்றது, இறங்கும் பாதையைப் பிடித்துக்கொள்ளும். அவசரத்தில் இரண்டும் போடப்படவில்லை. விசாரணை அறிக்கையில் என்னை உலுக்கிய இடம் என்னவென்றால், போட்டுவிட்டதாகவே அவர் நினைத்திருக்கிறார். அதாவது கொம்பியூட்டர் வலுவைப் பார்த்துக்கொள்ளும் என்று இவர் நம்பியிருக்க, கொம்பியூட்டரோ "இது உன் வேலை" என்று சும்மா இருந்திருக்கிறது. இயந்திரம் அடங்கிக் கிடந்தது, விமானம் தாழ்ந்துகொண்டே வந்தது. விளங்கி முழு வலுவையும் கொடுத்தபோது பிந்திவிட்டது. ஜெட் இயந்திரம் மின்விசிறி மாதிரி சுவிட்ச் போட்டதும் சுற்றாது, எழும்ப சில விநாடி எடுக்கும்.

பின்விளிம்பில் மோதிச் சில்லுகள் பிய்ந்து, தளத்தில் சுழன்று வழுக்கிக் கடலுக்குள் போனது. விமானி வெளியே பாய்ந்து தப்பினார். அவரோடு சேர்த்து ஏழு பேருக்குக் காயம். நூறு மில்லியன் டொலருக்கு மேல் விலையுள்ள விமானத்தை 12,400 அடி ஆழத்திலிருந்து மார்ச் 2ஆம் திகதி தூக்கி எடுத்தார்கள். அந்த ரகசியப் பொருள் வேறு யாருடைய கையிலும் போய்விடக் கூடாதே.

விமானியின் பிழை என்று அறிக்கையே சொல்கிறது. கண்மூடித்தனமாகவோ கெட்ட எண்ணத்திலோ செய்யவில்லை என்றும் அதே அறிக்கை சொல்கிறது. மச்சான் இந்த இரண்டாவது வரியை விட்டுவிட்டார்.

---

நிலா13 (கொட்டாஞ்சேனை) — ஞாயிறு, இரவு 9:50

அண்ணை, எனக்கு ஒன்று விளங்கவில்லை. தானியங்கி என்றால் தானாக இயங்குவதுதானே? அதைப் போட ஒருவர் ஞாபகம் வைத்திருக்க வேண்டும் என்றால் அது என்ன தானியங்கி? எங்கள் வீட்டு ரைஸ் குக்கர் கூட அப்படித்தான், அம்மா சுவிட்சை அமத்த மறந்த நாளில் பச்சை அரிசியும் தண்ணீரும்தான் சாப்பாடு.

---

ஸ்பானர் — ஞாயிறு, இரவு 10:35

ரைஸ் குக்கர் நல்ல உதாரணம் தங்கச்சி. ஆனால் குக்கருக்கு முன்னால் அடுப்பில் வைத்து வடித்தவர்கள் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும்.

கட்டுநாயக்க ஓடுபாதை 3,350 மீற்றர். கப்பலில் இறங்குகிற விமானம் மணிக்கு 250 கிலோமீற்றர் அளவு வேகத்தில் வந்து, வாலில் தொங்கும் கொக்கியைத் தளத்தில் கிடக்கும் வடத்தில் மாட்டி, நூறு மீற்றர் அளவில் நின்றுவிட வேண்டும். அந்தத் தளமும் முன்னால் போய்க்கொண்டே மேலும் கீழும் ஆடும். இறங்கும் பட்டை கப்பலின் போக்குக்கு ஒரு கோணத்தில் திரும்பி இருப்பதால், பட்டை எப்போதும் வலப்பக்கம் நகர்ந்துகொண்டே இருக்கிற மாதிரித் தெரியும்.

பழைய முறையில் ஒரு கை விமானத்தைத் திருப்புகிற ஸ்டிக்கில், ஒரு கை த்ரொட்டிலில். உயரம் குறைந்தால் வலுவைக் கூட்ட வேண்டும், கூட்டினால் மூக்கு எழும்பும், அதை அமத்த வேண்டும், அமத்தினால் வேகம் மாறும், திரும்ப வலுவைத் தொட வேண்டும். கடைசிப் பதினெட்டு விநாடிக்குள் கை நூற்றுக்கணக்கான சின்னச் சின்னத் திருத்தம் செய்யும். இறங்கியதும் விமானி நனைந்துபோய் இருப்பார் என்பதில் ஆச்சரியமில்லை.

பிறகு வந்ததுதான் மேஜிக் கார்ப்பெட் என்ற மென்பொருள். 2015 ஏபிரலில் ஜோர்ஜ் புஷ் கப்பலில் சுப்பர் ஹோர்னெற் விமானத்தோடு கடலில் சோதித்தார்கள். பிறகு துல்லிய இறக்க முறை என்று பெயரை மாற்றிவிட்டார்கள், மாயக் கம்பளம் என்ற பெயரில் பணம் கேட்க வெட்கமாக இருந்திருக்கும். இதில் விமானி ஸ்டிக்கை அசைத்தால் மூக்கு அசைவதில்லை, பாதையே ஏறி இறங்குகிறது. செட்டையின் பின்பக்கத் தகடுகள் உடனே வளைந்து தூக்குவிசையைக் கூட்டியோ குறைத்தோ கொடுத்துவிடும். வலுவைக் கொம்பியூட்டர் பார்த்துக்கொள்ளும். கையை விட்டால் விமானம் தன் சரிவுக்கே திரும்பும். நூற்றுக்கணக்கில் இருந்த திருத்தம் சில பத்துகளாகக் குறைந்துவிட்டது.

அப்படியென்றாலும் இறக்குவது விமானிதான். அந்தக் கம்பளத்தை விரித்தாரா இல்லையா என்பதும் அவர் கையில்.

---

சந்தேகப்பிராணி (மருதானை) — திங்கள், காலை 7:05

எல்லோரும் மென்பொருளைக் கட்டிப்பிடித்து அழுகிறீர்கள். கப்பலில் நடக்கிற விபத்துகளை வாசித்துப் பாருங்கள், அதிகம் காலை வாருவது அந்த இரும்பு வடம்தான்.

2016இல் ரஷ்யாவின் குஸ்நெற்சோவ் கப்பல் சிரியாப் பக்கம் போனபோது, வடம் பழுதாகி மேலே சுற்றிக்கொண்டே இருந்த மிக்-29கே ஒன்று நவம்பரில் கடலில் விழுந்தது. மூன்று வாரம் போகவில்லை, டிசம்பரில் வடம் அறுந்து சு-33 ஒன்று தளத்திலிருந்து உருண்டு போனது. சரி, ரஷ்யக் கப்பல் பழசு என்பீர்கள். அதே 2016 மார்ச்சில் அமெரிக்காவின் ஐசன்ஹவர் கப்பலில் ஈ-2சி விமானம் இறங்கும்போது வடம் அறுந்து, விமானம் விளிம்பைத் தாண்டிக் கீழே மறைந்து, தண்ணீருக்குக் கிட்டவிருந்து தட்டுத்தடுமாறி எழும்பியது. தளத்தில் எட்டு மாலுமிகளுக்குக் காயம். பழுதுபார்த்தவர்கள் ஒரு படியை விட்டுவிட்டார்கள் என்பதுதான் காரணம். 2025 மே 6 அன்று செங்கடலில் ட்ரூமன் கப்பலிலும் விமானத்தை நிறுத்தும் ஏற்பாடு கைவிட்டு ஒரு சுப்பர் ஹோர்னெற் போனது, இரண்டு பேரும் பாய்ந்து தப்பினார்கள்.

இதில் எந்த விமானி எந்தச் சுவிட்சை மறந்தார்? மென்பொருள் வானத்திலிருந்து வடம் வரைக்கும்தான் கூட வரும்.

---

ஸ்பானர் — திங்கள், காலை 7:40

இதை நான் மறுக்க மாட்டேன், ஏனென்றால் இது என் சாதிக்காரர்களின் கதை, அதாவது ஸ்பானர் பிடிக்கிறவர்களின் கதை. வடத்தின் இரண்டு முனையும் தளத்துக்குக் கீழே ஒரு பெரிய ஹைட்ரோலிக் இயந்திரத்தில் போய் முடிகிறது. வருகிற ஒவ்வொரு விமானத்தின் நிறைக்கும் ஏற்ப அதைத் திருகி வைக்க வேண்டும். தளத்தின் மேலே கிடக்கும் துண்டை நூறு சொச்சம் தடவை பாவித்ததும் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது போடுவார்கள், ஐசன்ஹவரில் பிழைத்ததோ கீழே இருந்த வால்வு. யார் கண்ணிலும் படாத இடத்தில் இருக்கிற சாமான்தான் எப்போதும் ஆளைக் கொல்லும்.

ஆனால் தம்பி கேட்ட கேள்வி வேறு.

---

கடற்கரைவாசி — திங்கள், பகல் 12:15

மதியச் சாப்பாட்டுப் பார்சலோடு இருந்து வாசிக்கிறேன். ஸ்பானர் அண்ணை "போட்டுவிட்டதாகவே நினைத்திருக்கிறார்" என்று எழுதிய இடத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை, ஏனென்றால் அதே வேலையை நானும் செய்திருக்கிறேன். என்னுடையது ஒரு கேற்றோடு முடிந்தது.

என் காரில் பின்னால் சென்சர் இருக்கிறது. பீப் பீப் என்று தொடங்கி, பீஈஈ என்று இழுத்தால் நிறுத்துவேன். ஐந்து வருசப் பழக்கம். ஒரு நாள் விடியப்புறம் சித்தியை விமான நிலையத்துக்கு ஏற்ற மச்சானின் பழைய வானை வாங்கிக்கொண்டு வந்தேன். எங்கள் ஒழுங்கையில் வான் திருப்புவதே பெரிய பாடு. பின்னால் எடுக்கிறேன், எடுக்கிறேன், சத்தமே இல்லை, அப்படியென்றால் இடம் இருக்கிறது என்று இன்னும் எடுக்கிறேன். அடுத்த சத்தம் வீட்டுக்காரரின் இரும்புக் கேற்.

கண்ணாடி இருந்தது, நான் பார்க்கவில்லை. காது பீப்புக்காகக் காத்திருந்தது. வானில் சென்சர் இல்லை என்பது எனக்குத் தெரியும், ஏறும்போது தெரியும், ஆனால் பின்னால் எடுக்கும்போது தெரியவில்லை. இதை எப்படிச் சொல்வது என்று எனக்கே விளங்கவில்லை.

---

நிலா13 — திங்கள், பகல் 12:40

வடிவாகச் சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் வானுக்குப் பின்னால் நின்று "நிப்பாட்டு நிப்பாட்டு" என்று கத்த ஆள் இல்லை. கப்பலில் அப்படி யாரும் இல்லையா?

---

ஸ்பானர் — திங்கள், பின்னேரம் 6:10

இருக்கிறார். எல்.எஸ்.ஓ என்று ஒரு அதிகாரி, அவரும் விமானிதான், தளத்தின் பின்பக்க ஓரத்தில் கடல் காற்றில் நின்று ஒவ்வொரு இறக்கத்தையும் பார்ப்பார். அந்தக் காலத்தில் மேசைப்பந்து மட்டை மாதிரி இரண்டைக் கையில் வைத்துச் சைகை காட்டினார்கள், அதனால் இன்றைக்கும் செல்லப் பெயர் "பாடில்ஸ்". கையில் ஒரு பொத்தான். அதை அமத்தினால் சிவப்பு விளக்குகள் மின்னும், உடனே முழு வலுவோடு மேலே போய்விட வேண்டும், ஏன் என்று கேட்க முடியாது. ஒவ்வொரு இறக்கத்துக்கும் அவர் புள்ளி போட்டு, விமானிகளின் அறையில் எல்லோரும் பார்க்கிற பலகையில் நிறம் நிறமாக ஒட்டுவார்கள். நம் பள்ளிக்கூட ரிப்போட் இதற்கு எவ்வளவோ மேல், அதை ஒளித்தாவது வைக்கலாம்.

கார்ல் வின்சனில் அவர் கத்தினார், "பவர், பவர்" என்று. வெளியே கசிந்த வீடியோவில் கேட்கலாம். கத்திய நேரத்தில் அந்த இயந்திரத்துக்கு எழும்ப நேரம் இல்லை.

---

கல்லடிப்பாலம் (தெகிவளை, ஊர் மட்டக்களப்பு) — திங்கள், இரவு 8:20

இந்த விசயத்தில் கொழும்புக்கும் ஒரு பங்கு இருக்கிறது, யாரும் எழுதவில்லையே.

1942 ஏபிரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. ஜப்பானின் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து வந்த விமானங்கள் கொழும்புத் துறைமுகத்தைத் தாக்கின. இன்றைக்கு நீங்கள் கோப்பி குடிக்கப் போகிற ரேஸ் கோர்ஸ் அப்போது குதிரைப் பந்தயத் திடல், போருக்காக அதையே ஓடுபாதையாக்கி ஹரிகேன் விமானங்களை வைத்திருந்தார்கள். ஜப்பான்காரருக்கு அது தெரியாது. கறுவாத்தோட்டத்து வீடுகளுக்கு நடுவில் சண்டை விமானம் இறங்கியிருக்கிறது என்பதை நினைத்தால் கப்பலில் இறங்குவதே பரவாயில்லை போலிருக்கிறது.

நான் சொல்ல வந்தது அதுவும் இல்லை. அன்றைக்குக் குண்டு போட்டுவிட்டுத் திரும்பிய ஜப்பானிய விமானிகள் தங்கள் கப்பலில் எப்படி இறங்கினார்கள்? தளத்தின் ஓரத்தில் சிவப்பு, பச்சை என்று இரண்டு வரிசை விளக்கு. இரண்டும் ஒரு கோட்டில் தெரிந்தால் சரிவு சரி, விலகித் தெரிந்தால் நீ உயரம் அல்லது தாழ்வு. 1930களிலேயே அவர்களிடம் இது இருந்தது. பிரிட்டிஷ்காரர் அந்தக் காலத்திலும் மட்டை காட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். 1951இல்தான் நிக்கலஸ் குட்ஹார்ட் என்ற கடற்படை அதிகாரி கண்ணாடியை வைத்து ஒரு முறையைக் கண்டுபிடித்தார், அதை ஒரு மேசையில், காரியதரிசியின் முகம் பார்க்கும் கண்ணாடியையும் லிப்ஸ்டிக்கையும் வாங்கி வைத்துச் செய்துகாட்டியதாகச் சொல்வார்கள். இன்றைக்குக் கப்பல்களில் இருக்கிற வில்லை விளக்கு அதன் பேரப்பிள்ளை. நடுவில் மஞ்சளாக ஒரு உருண்டை, இரு பக்கமும் பச்சை வரி. உருண்டை வரிக்கு நேரே நின்றால் சரி, கீழே இறங்கிச் சிவந்தால் உயிருக்கு ஆபத்து. அந்த உருண்டைக்கு அவர்கள் வைத்த பெயர் மீற்போல், அதாவது இறைச்சி உருண்டை. சாப்பாட்டு நினைப்பு எங்கும் ஒன்றுதான்.

நான்கு நாள் கழித்து, ஏபிரல் 9, எங்கள் மட்டக்களப்புக் கடலில் பிரிட்டிஷ்காரரின் ஹேர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பலை அதே ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. கப்பலில் அப்போது ஒரு விமானம் கூட இல்லை. அது இன்னும் கீழே கிடக்கிறது, சுழியோடிகள் போய்ப் பார்க்கிறார்கள். சத்தம் கேட்டது என்று அம்மம்மா சொல்லுவா, அவவுக்கு அப்போது ஏழு வயது.

---

நிலா13 — திங்கள், இரவு 8:45

விமானச் சத்தக் கதை எங்கள் எல்லா வீட்டிலும் ஒன்று இருக்கிறது. என் அப்பா இப்போதும் சுதந்திர தின ஒத்திகைக்கு ஜெட் போனால் கதிரையை விட்டு எழும்பி உள்ளே போவார். போர்க்காலத்தில் குண்டு போட்ட அந்தக் கிபிர் விமானத்தின் பெயரை அவர் வாயால் சொல்வதில்லை. நீங்கள் எழுதுவதை ஆசையாகத்தான் வாசிக்கிறேன், இதையும் எழுதவேண்டும் போலிருந்தது. சரி, தொடருங்கள்.

---

சந்தேகப்பிராணி — திங்கள், இரவு 10:05

சங்கடமாகத்தான் இருக்கிறது, நன்றி நிலா.

விசயத்துக்கு வருகிறேன். கையே வைக்காமல் இறக்குவது புதிதும் இல்லை. 1957 ஓகஸ்ட் 12 அன்று அன்ரீற்றம் என்ற கப்பலில் ஸ்கைநைற் விமானம் ஒன்று முழுக்கத் தானாகவே இறங்கியது. கப்பலில் இருந்த ராடர் விமானத்தைப் பார்த்துப் பார்த்து றேடியோவில் கட்டளை கொடுத்தது. அதற்குப் பிறகு அறுபது வருசத்துக்கு மேலாக அந்த வசதி ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. விமானிகள்தான் அதை விரும்பவில்லை. ஸ்டிக் தானாக அசையும்போது சும்மா இருக்க யாருக்கு மனம் வரும்?

2013 ஜூலை 10 அன்று எக்ஸ்-47பி என்ற ஆளில்லா விமானம் ஜோர்ஜ் புஷ் கப்பலில் இரண்டு தடவை வந்து வடத்தைப் பிடித்தது. மூன்றாவது தடவை வரும்போது தன்னுடைய ஒரு கொம்பியூட்டரில் ஏதோ கோளாறு என்று தானே கண்டுபிடித்து, கப்பலில் இறங்காமல் வொலொப்ஸ் தீவு ஓடுபாதைக்குப் போய் இறங்கிவிட்டது. எத்தனை மனுசனுக்கு அந்தப் புத்தி வரும்? "எனக்கு இன்றைக்குச் சரியில்லை, நான் தரைக்குப் போகிறேன்" என்று கப்டன் முன்னால் சொல்லிப் பாருங்கள்.

ஆகவே என் கட்சி: விமானியிடம் சுவிட்சையே கொடுக்கக் கூடாது. சில்லை இறக்கினால் தானாகவே அந்த முறைக்குள் போய்விட வேண்டும், வேண்டாம் என்றால்தான் ஏதாவது அமத்த வேண்டும்.

---

ஸ்பானர் — செவ்வாய், காலை 6:30

பாதிக்குச் சம்மதம். முறை போடப்படவில்லை என்றால், சில்லு இறங்கிய நேரத்தில் காதுக்குள் ஒரு சத்தமாவது கேட்க வேண்டும். தம்பியின் வானில் பீப் இல்லை, அதுதான் பிரச்சினை. இருக்கிற வசதி வேலை செய்யும்போது சொல்வதைவிட, வேலை செய்யாதபோது சொல்வது முக்கியம்.

மறுபாதி எனக்குப் பயம். அமெரிக்கக் கடற்படை இப்போது பயிற்சியை மாற்றுகிறது. முன்பு ஜெட் மாணவர்கள் ரி-45 பயிற்சி விமானத்தில் கப்பலில் இறங்கிக் காட்டிய பிறகுதான், விமானி ஆகிவிட்டார் என்பதற்கான சிறகுச் சின்னம் குத்துவார்கள். இனி அது தேவையில்லை, கப்பலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள், காரணம் இந்தத் துல்லிய முறை இருக்கிறதாம். காசும் நேரமும் மிச்சம், கணக்குப் பார்த்தால் நியாயம்தான். 1954இல் அவர்களின் கடற்படை விமானப் பிரிவு ஒரே வருசத்தில் 776 விமானங்களையும் ஐந்நூறுக்கு மேற்பட்ட ஆட்களையும் இழந்தது. அந்தக் காலத்துக்கு யாரும் திரும்பச் சொல்லவில்லை.

ஆனால் ஒரு நாள் செட்டைத் தகடு ஒன்று வேலை செய்யாது, ஜி.பி.எஸ்ஸை யாராவது குழப்புவார்கள், இரவு, மழை, எரிபொருள் குறைவு. அந்தப் பிள்ளை பழைய முறையில் இறங்க வேண்டி வரும். நான் வேலை செய்த காலத்தில் ஒவ்வொரு மெக்கானிக்கும் வருசத்துக்கு ஒரு தடவை கையால் டோர்க், அதாவது ஆணி முறுக்கின் இறுக்கம், பார்க்க வேண்டும், மெசின் பக்கத்திலேயே இருந்தாலும். எங்கள் போர்மன் ஒரு சிங்கள ஐயா, இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு செய்யச் சொல்லுவார். அப்போது நாங்கள் திட்டியது கொஞ்சமில்லை.

---

சந்தேகப்பிராணி — செவ்வாய், காலை 7:10

முதலில் மென்பொருளுக்கு வக்காலத்து வாங்கியவர் நீங்கள், எதிர்த்தவன் நான். இப்போது இடம் மாறி நிற்கிறோம், கவனித்தீர்களா அண்ணை?

---

ஸ்பானர் — செவ்வாய், காலை 7:15

கவனித்தேன். தேத்தண்ணி குடித்துவிட்டு வருகிறேன்.

---

நிலா13 — செவ்வாய், பகல் 1:05

கடைசியாக ஒன்று. தளத்தைத் தொட்டதும் விமானிகள் வலுவைக் குறைக்காமல் முழுக்கக் கூட்டுகிறார்கள் என்று வாசித்தேன். அது அச்சுப் பிழையா?

---

ஸ்பானர் — செவ்வாய், பின்னேரம் 5:50

பிழையில்லை. கொக்கி வடத்தைப் பிடித்ததா என்று தெரியவரும்வரை காத்திருந்தால், பிடிக்காவிட்டால் திரும்ப எழும்ப வேகம் இருக்காது. அதனால் சில்லு பட்டவுடன் முழு வலு. பிடித்தால் வடம் இழுத்து நிறுத்தும், பிடிக்காவிட்டால் அப்படியே பறந்து போய் இன்னொரு சுற்று வரலாம். விக்ராந்தில் மூன்று வடம் இருக்கிறது, மூன்றும் தவறினால் முன்னால் கடல்தான். எந்த மென்பொருள் வந்தும் இந்தப் பழக்கத்தை யாரும் கைவிடவில்லை.

---

கடற்கரைவாசி — செவ்வாய், இரவு 9:30

இழை முழுவதையும் மச்சானுக்கு வாசித்துக் காட்டினேன். வடம், விளக்கு, 1942 எல்லாவற்றையும் தலையாட்டிக்கொண்டு கேட்டான். வான் கதை வந்ததும் போனை வாங்கி அந்தப் பகுதியை மட்டும் இரண்டு தரம் வாசித்தான். பின் பம்பர் ஏன் நெளிந்திருக்கிறது என்று ஒரு வருசமாகத் தேடிக்கொண்டிருந்தானாம்.